இரு ஆந்தைகளும் பதினொரு பாத்திகளும்: ‘எலிசபெத்தும் அவளது ஜேர்மன் தோட்டமும்’ நூல் பற்றிய ஒரு நோக்கு

1898ஆம் ஆண்டு இலண்டன் மக்மிலன் நிறுவனத்தார் ஆசிரியர் பெயர் எதுவுமின்றி ஒரு சிறு நூலை வெளியிட்டனர். ‘எலிசபெத்தும் அவளது ஜேர்மன் தோட்டமும்’ என்பது அதன் பெயர். வடஜேர்மனியின் பொமெரேனியாப் பகுதியில், அயல் மனிதரைக் காண்பதே அரிதான ஒரு பண்ணை வீட்டில், மூன்று பெண் குழந்தைகளின் தாயான ஒருத்தி தன் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளையும் ரோசாக்களையும் இரசித்து எழுதிய நாட்குறிப்பு என்ற தோற்றத்தில் அந்நூல் அமைந்திருந்தது. மே மாதம் ஏழாந் திகதி தொடங்கும் குறிப்புகள் மறு ஆண்டு ஏப்பிரலில் முடிகின்றன. கதையென்று சொல்லத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை. எனினும் நூல் வெளிவந்ததும் பதிப்பின்மேற் பதிப்பாக விற்பனையாயிற்று. எழுதியவர் யாரென்று இங்கிலாந்தின் வாசகர் உலகம் ஊகம் பேசிக் களைத்தது.

எழுதியவர் மேரி அனெற் போஷாம் என்ற பெண்மணி. 1866இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, 1891இல் ஆர்னிம் குடும்பத்துப் பிரபு ஒருவரை மணந்து ஜேர்மனிக்குச் சென்றவர். சிறுகதை வரலாற்றில் நிலையான இடம்பெற்றுவிட்ட கத்தரீன் மான்ஸ்பீல்ட் இவருடைய உறவினர். 1896இல் நாசன்ஹைட என்னும் தம் கணவரின் பண்ணையில் குடியேறிய அனுபவமே நூலின் ஊற்று. பிற்காலத்தில் அவர் பல நாவல்களை எழுதினாரேனும் ‘எலிசபெத்’ என்ற புனைபெயரே அவருக்கு நிலைத்தது. படைப்பின் பாத்திரம் படைத்தவரின் பெயரை விழுங்கிவிட்ட சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

இந்நூலைப் பற்றி இருவகையான அபிப்பிராயங்கள் நிலவக் காணலாம். தோட்டக்கலைப் பிரியர்கள் இதனைத் தமது இன்பநூல்களுள் ஒன்றாகக் கொண்டாடுவர். மலர்களின் வாசனையே இதன் உள்ளடக்கம் என்பது அவர்கள் துணிபு. சமூகவியல் நோக்கிற் பயின்றோர் இதனை ஓய்வுடை வர்க்கத்தின் உளறல் என்று இரண்டு பக்கத்தில் மூடிவைத்துவிடுவர். இரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது இங்கு வற்புறுத்தப்படவேண்டியது. ரோசாப் பாத்திக்கு அப்பால் உள்ள பக்கங்களை முன்னவர் படித்தும் மறந்துவிடுகின்றனர், பின்னவர் படிக்கவேயில்லை.

‘தோட்டம்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். நூலின் தலைப்பை மொழிபெயர்க்க முற்படும் ஈழத்துத் தமிழன் ஒரு சங்கடத்துக்கு ஆளாகின்றான். யாழ்ப்பாணத்தான் ‘தோட்டம்’ என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நிற்கும் நிலத்தையே கருதுவான். வீட்டைச் சூழ்ந்து செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் குரோட்டனும் நிற்கும் இடம் அவனுக்கு ‘வளவு’. மலையகத்தானுக்கோ தோட்டம் என்பது தேயிலை, லயம், பிரட்டு, துரை என்ற முழு உலகம். பூக்களை இரசிப்பதற்கான வேலியடைத்த இடம் என்ற பொருள் இவ்விரண்டிலும் முதன்மை பெறவில்லை. ‘பூந்தோட்டம்’ என்று பெயர்த்தால் சங்கடம் தீரும். ஆனால் நூலும் பாதியாகிவிடும். ஏனெனில் எலிசபெத்தின் ரோசாத் தோட்டம் இன்னொரு தோட்டத்தின் நடுவேதான் கிடக்கின்றது. உருளைக்கிழங்கும் தானியமும் விளையும் அந்தப் பெருந்தோட்டத்தின் வருவாயே ரோசாக் கன்றுகளுக்குப் பணமாகின்றது. தமிழ்ச் சொல்லின் மயக்கம் இவ்விடத்தில் ஆங்கிலச் சொல்லின் தெளிவைவிடப் பயனுடையது.

நூலின் முதற் பக்கத்திலேயே பறவைகள் வந்துவிடுகின்றன. மழை பெய்து ஓய்ந்த மாலை. நுளம்புகளின் தொல்லைக்கிடையே எலிசபெத் தோட்டத்தில் அமர்ந்து எழுதுகின்றாள். அருகே இரண்டு ஆந்தைகள் நெடுநேரம் உரையாடுகின்றன. இராப்பாடிக் குயில்களின் இசைக்கு நிகரான இன்பம் அவளுக்கு அவ்வுரையாடலிற் கிடைக்கின்றது. ஆந்தையின் அலறலை அபசகுனமாகக் கேட்டுப் பழகிய செவிக்கு இது வியப்பூட்டலாம். ஆனால் கவனிக்கவேண்டியது வேறொன்று. ஆண் ஆந்தை ஒன்றைக் கூற, பெண் ஆந்தை சற்றுத் தொலைவிலுள்ள மரத்திலிருந்து அதனை அப்படியே ஆமோதித்து நிறைவுசெய்கின்றது; ஒழுங்காக அமைந்த ஒரு ஜேர்மன் பெண் ஆந்தையின் இலக்கணம் அதுவே என்று எலிசபெத் குறும்பாக உரைத்துவிட்டு, இரண்டும் தன்னைப் பற்றித்தான் ஏதோ புறங்கூறுகின்றன என்றும் ஐயுறுகின்றாள்.

இயற்கை வருணனை என்ற பெயரில் இங்கு நிகழ்வது குடும்ப விமர்சனம். தமிழ்க் கவிதை மரபிலும் பறவை தூது சென்றிருக்கின்றது. தலைவியின் துயரை ஏற்றிருக்கின்றது. அங்கே பறவை தலைவியின் பக்கம் நிற்கும். எலிசபெத்தின் ஆந்தைகளோ கணவனின் பக்கம் நிற்கின்றன. அவள் ஓடிவந்து சேர்ந்த தோட்டத்திற்குள்ளும் அவளைக் கண்காணிக்கும் சமூகம் மரக்கொம்பில் உட்கார்ந்திருக்கின்றது. இதனை அவள் நகைச்சுவையாகச் சொல்வதால் பலர் கவனியாது கடந்துவிடுகின்றனர்.

கணவன் நூல் முழுவதும் பெயரின்றியே வருகின்றார். ‘வெஞ்சினத்தார்’ என்று தமிழாக்கத்தக்க ஒரு பட்டப்பெயரால் மட்டுமே எலிசபெத் அவரைக் குறிப்பிடுவாள். கணவன் பெயரை வாயாற் சொல்லாத மரபு தமிழ் வாசகருக்குப் புதிதன்று. ஆனால் அங்கு மரியாதையாக இருப்பது இங்கு பழிவாங்கலாக இருக்கின்றது. குழந்தைகளும் பிறந்த மாதத்தின் பெயராலேயே, அதாவது சித்திரைக் குழந்தை, வைகாசிக் குழந்தை, ஆனிக் குழந்தை என்ற பாங்கில் அறியப்படுகின்றனர். இதற்கு மாறாக ரோசாக்களுக்கு மட்டும் முழுப் பெயரும் பட்டமும் உண்டு. டியூக் ஒவ் ரெக், வைக்கவுண்டெஸ் போக்ஸ்ரன், மரி வான் ஹூட், டொக்ரர் கிறில், ரூபன்ஸ் என்று பக்கம் பக்கமாக அவள் அடுக்கும் பெயர்கள் ஒரு பிரபு மாளிகையின் விருந்தினர் பட்டியலைப் போல ஒலிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரோசா வளர்ப்போர் தாம் உருவாக்கிய இனங்களுக்குச் சீமான்களினதும் சீமாட்டிகளினதும் பெயர்களை இட்டு விற்றனர் என்பதை நினைவிற் கொண்டால், அந்தப் பூவின் சமூக வரலாறும் ஓரளவு விளங்கும்.

ரோசாவின் வேறொரு வரலாறும் உண்டு. எலிசபெத் மிகுதியாக விரும்பிய தேயிலை ரோசா என்னும் வகை ஐரோப்பாவுக்கே உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இனங்களின் கலப்பினாலேயே மேனாட்டு ரோசா, பருவத்துக்கு ஒருமுறை பூத்து ஓய்வதை விட்டுத் திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பைப் பெற்றது. அச்சீனக் குருதியே அதனைக் குளிருக்கு அஞ்சும் செடியாகவும் ஆக்கிற்று. பொமெரேனியாவின் கடுங்குளிரில் அது பிழைக்காது என்று அயலார் எல்லாரும் எச்சரித்தனர். எலிசபெத் இலையுதிர்காலத்தில் ஊசியிலை மரக் கிளைகளால் செடிகளை மூடிவைத்தாள், அவை பிழைத்தன. தன்னைப்போல் அந்நிய மண்ணில் நடப்பட்ட ஓர் உயிரை அவள் போற்றுகின்றாள் என்று இதற்குக் குறியீட்டு விளக்கம் கூறுதல் எளிது. ஆனால் நூல் அவ்வாறு வற்புறுத்தவில்லை. அவளுக்கு அது வெறுமனே ஒரு வெற்றி. அவ்வளவில் விட்டுவிடுதலே நன்று.

வெற்றிக்கு முன் தோல்வியும் உண்டு. தோட்டவேலை எதுவும் அறியாத முதல் ஆண்டில் அவள் பத்து இறாத்தல் ‘இப்போமியா’ விதையை வாங்கி, வீட்டின் முன்னுள்ள பதினொரு பாத்திகளிலும் மரங்களைச் சுற்றியும் தூவிவிட்டுச் சொர்க்கம் முளைக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. நம்மவர் அவித்துண்ணும் வற்றாளையும், திரண்டால் மிடுக்கென்று பழமொழி பேசும் அடம்பன் கொடியும் அந்த இப்போமியாக் குலத்தவையே. கடற்கரை மணலிலே யாரும் விதையாது படரும் இனத்தின் உறவொன்று, காசு கொடுத்து வாங்கி விதைத்த பிரபுவின் பாத்தியில் முளைக்க மறுத்தமை ஒருவகை நீதி எனலாம்.

நூலின் மிகச் சிறந்த பகுதி இதனை அடுத்து வருகின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏப்பிரல் மாதத்து வெயில். வேலையாட்கள் மதிய உணவுக்குச் சென்றுவிட்டனர். தோட்டக்காரன் வரமாட்டான். எலிசபெத் மண்வெட்டியும் வாரியும் எடுத்துக்கொண்டு திருடியைப்போல வெளியே நழுவி, ஒரு சிறு துண்டு நிலத்தைப் பதைபதைப்புடன் கொத்திக் கிளறி விதையைத் தூவிவிட்டு, வியர்வையும் குற்ற உணர்வும் மேலிட உள்ளே ஓடிவந்து, நாற்காலியிற் சாய்ந்து, புத்தகமொன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கின்றாள். கௌரவம் மயிரிழையிற் தப்புகின்றது. அந்தச் சில கணங்களைத் தவிரத் தன் கையால் மண்ணைத் தொடும் உரிமை அவளுக்கு இல்லை. பிரபுவின் மனைவி குனியலாகாது. அவளுடைய தோட்டத்தில் எல்லாம் தோட்டக்காரன் கையினாலேயே நடக்கவேண்டும். அவனோ அவள் சொல்வதைச் செய்வதில்லை. ஆசை மனத்தினுள்ளே இருக்க, வேலை இன்னொருவன் கையில் இருக்கின்ற இந்நிலையை அவள் மிக நுணுக்கமாக உணர்ந்து எழுதியிருக்கின்றாள்.

தோட்டக்காரனின் கதை இன்னும் விசித்திரமானது. மாதந்தோறும் முதலாந் திகதி வேலையை விட்டு விலகுவதாக அறிவித்துவந்த அவன், ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் கைத்துப்பாக்கியுமாக உலாவத் தொடங்கிப் பின்னர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான். எலிசபெத் இதனையும் சிரிப்போடுதான் சொல்கின்றாள். இங்கே அந்தச் சிரிப்பு வாசகனைத் தொடவில்லை. ஒரு மனிதன் சித்தம் கலங்கியதற்கான காரணத்தை அறிய அவள் ஒரு வரிகூடச் செலவிடவில்லை. ரோசாக் கன்றொன்று வாடியபோது அவள் செலவிட்ட வரிகளோடு ஒப்பிடுங்கால் இதனை நகைச்சுவையின் உரிமை என்று மன்னிப்பது கடினம்.

ஆயினும் நூல் இத்தகைய அலட்சியத்தோடு நின்றுவிடவில்லை. பண்ணை வேலைக்கு ஆண்டுதோறும் கொண்டுவரப்படும் ரஷ்ய, போலந்துத் தொழிலாளர் பற்றிய பகுதி ரோசாக்களிடையே வெடிகுண்டு புதைத்ததுபோல் அமைந்திருக்கின்றது. உள்ளூர் உழவர் கைத்தொழில் நகரங்களை நோக்கிப் போய்விட்டனர். அவர்களின் இடத்துக்கு எல்லைக்கப்பாலிருந்து ஆட்கள் திரட்டப்படுகின்றனர். அவர்களைத் திரட்டி வரும் மேற்பார்வையாளன் சட்டைப் பையில் குண்டேற்றிய துப்பாக்கியோடும், காலடியில் கொடிய நாயோடும் கூடவே வசிக்கின்றான். நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மார்க் வரை கூலி. வயிறு கொண்ட மட்டும் உருளைக்கிழங்கு. பெண்களுக்குக் கூலி இதிலும் குறைவு. அவர்கள் செய்யும் வேலை குறைவானதல்ல என்பதை எலிசபெத்தே ஒப்புக்கொண்டு, பெண்ணாய்ப் பிறந்தோரை ஊக்குவிப்பது தகாதே என்று பண்ணையாரின் தர்க்கத்தைப் பண்ணையாரின் குரலிலேயே பேசிக் காட்டுகின்றாள். வந்த முதல் வாரங்களில் இரவுக் காவல் போடப்படுகின்றது. அப்படியிருந்தும் வசந்தம்தோறும் ஐம்பது பேரளவில் தப்பி ஓடிவிடுகின்றனர். ஒருமுறை அவர்களுடைய மூட்டைகள் வழியிற் தவறிவிட்டன. உடுத்து வந்ததோ உள்ளவற்றுள் நல்ல உடுப்பு. மூட்டை வந்து சேரும்வரை வேலையிற் கைவைக்க மாட்டோம் என்று அனைவரும் மறுத்துவிட, ஏறக்குறைய ஒரு வாரம் கழிந்தது. இதனை ஓர் அறியாமையின் வேடிக்கையாகவே எலிசபெத் சொல்கின்றாள். வேலைநிறுத்தம் என்ற சொல் அவள் அகராதியில் இல்லைப்போலும்.

இப்பகுதியின் வரலாற்று நம்பகம் பற்றி ஐயுற வேண்டியதில்லை. நூல் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1892இல், மக்ஸ் வேபர் எல்ப் நதிக்குக் கிழக்கேயுள்ள ஜேர்மனியின் விவசாயத் தொழிலாளர் நிலை பற்றிய தமது பெரிய ஆய்வை வெளியிட்டிருந்தார். ஜேர்மன் உழவர் வெளியேறுவதையும், அவர்களிடத்தில் போலந்துப் பருவகாலத் தொழிலாளர் அமர்த்தப்படுவதையும் அவ்வாய்வு விளக்கிற்று. 1885இல் பிஸ்மார்க் அரசு போலந்து மக்களைப் பிரஷ்யாவிலிருந்து வெளியேற்றியது. நிலப்பிரபுக்களின் ஆட்பஞ்சம் காரணமாக 1890இல் எல்லை மீண்டும் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் அவர்கள் திரும்பிப் போய்விடவேண்டும் என்பது நிபந்தனை. உழைப்பு வேண்டும், உழைப்பவன் தங்கலாகாது. வேபர் புள்ளிவிபரங்களாற் சொன்னதை எலிசபெத் தன் வீட்டு முற்றத்திலிருந்து சொன்னாள். வேபருக்குத் தேசத்தைப் பற்றிய கவலை இருந்தது. அந்தத் தொழிலாளரின் வரவை ஜேர்மன் பண்பாட்டுக்கு நேர்ந்த ஆபத்தாக அவர் கண்டார். எலிசபெத்துக்கு அத்தகைய கோட்பாட்டுச் சுமை எதுவும் இல்லாமையால் அவள் கண்ணுக்கு மனிதர்கள் சற்றுத் தெளிவாகத் தெரிந்தனர் என்றுகூடச் சொல்லலாம்.

மலையக வரலாறு அறிந்த வாசகன் இப்பக்கங்களைப் புதியனவாகப் படிக்கமாட்டான். கங்காணி, கடன், துண்டு முறை, ‘ஓடிப்போதல்’ எல்லாம் அவனுக்குப் பழகியவை. துண்டு முறை இங்கு ஒழிக்கப்பட்டது 1921இல்; பெருந்தோட்டங்களில் பெண்ணுக்கும் ஆணுக்கும் நாட்கூலி சமமாக்கப்பட்டது 1984இலேதான். துரை பங்களாவின் முன்னே ரோசாப் பாத்தி, பின்னே லயம் என்ற அமைப்பு நுவரெலியாவுக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பொமெரேனியாவின் சாட்சியம் காட்டுகின்றது.

தொழிலாளப் பெண்களைப் பற்றிய இன்னொரு செய்தியில்தான் எலிசபெத்தின் சிரிப்பு முதன்முறையாகத் தடைப்படுகின்றது. வயலில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருத்தி இடையே விலகிச் சென்று பிள்ளையைப் பெற்று, அதனைக் கிழவி ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுச் சில மணி நேரத்தில் வேலைக்குத் திரும்பிவிடும் வழக்கம் அது. எலிசபெத் மனம் கசிகின்றாள். அந்தப் பெண்ணுக்காக வாய்விட்டு இரங்குகின்றாள். அப்போது குதிரைமேல் வரும் வெஞ்சினத்தார், அந்த மக்களிடையே கணவன் மனைவியை அடித்து அடக்கும் வழக்கம் இருப்பதைச் சுட்டி, அதன் எளிமையை மெச்சிப் பேசத் தொடங்குகின்றார். மனைவியின் எதிர்ப்பும் அபிலாசைகளும் ஓர் அடியில் முடிந்துவிடுகின்றனவாம். அவர் வேடிக்கையாகப் பேசுகின்றாரா, மனப்பூர்வமாகவா என்பதை நூல் தெளிவாக்கவில்லை. அந்தத் தெளிவின்மையே பயங்கரமானது. எலிசபெத்தும் தெளிவில்லாத நிலையில்தான் அவரோடு குடித்தனம் நடத்துகின்றாள்.

இதே பேச்சுக் குளிர்காலத்தில் வீட்டினுள் தொடர்கின்றது. இரைஸ் என்ற தோழியும், ஜேர்மனியைப் பற்றி நூலெழுதுவதற்காகக் குறிப்பேட்டுடன் அலையும் மினோரா என்ற ஆங்கிலப் பெண்ணும் விருந்தினராக வந்திருக்கின்றனர். பெண்கள், குழந்தைகள், மூளை வளர்ச்சியற்றோர் என்ற மூவகையினரையும் நாட்டுச் சட்டம் ஒரே வரிசையில் வைத்திருக்கின்றது என்று வெஞ்சினத்தார் நிதானமாக விளக்குகின்றார். இது கற்பனையன்று. அரசியற் சங்கங்களிலும் கூட்டங்களிலும் பெண்கள் கலந்துகொள்வதைத் தடுத்த 1850ஆம் ஆண்டுப் பிரஷ்யச் சட்டம் 1908 வரை நடைமுறையில் இருந்தது. மினோராவோ எல்லாவற்றையும் எழுதிக்கொள்கின்றாள், எதையும் விளங்கிக்கொள்வதில்லை. இப்பகுதியில் உரையாடல் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. மினோராவைப் பரிகசிப்பதிலும் ஒருவகைக் கொடுமை தலைகாட்டுகின்றது. ஆசிரியையின் கூர்மை தன்னிலும் பலவீனமான ஒருத்திமேல் இவ்வளவு தாராளமாகப் பாய்ந்திருக்க வேண்டியதில்லை. நாடகம் போன்று சுவையாக இருக்கின்றது என்று சிலர் இதனையே நூலின் சிகரமாகக் கொள்வர். அக்கருத்து ஏற்புடையதன்று.

ஒரு கேள்வி தவிர்க்கமுடியாதது. இத்தனையையும் கண்ட ஒருத்தி மறுபடியும் ரோசாப் பாத்திக்குத் திரும்புகின்றாளே, அந்தத் திரும்பலை எவ்வாறு மதிப்பிடுவது? அவள் காண்கின்றாள், ஏளனம் செய்கின்றாள், இரங்குகின்றாள். அடுத்த பக்கத்தில் மஞ்சள் நிறப் பூக்களை மட்டும் கொண்ட பாத்தியொன்றைப் பற்றிக் கவலைப்படுகின்றாள். ஏளனம் என்னும் உத்தி அவளுக்கு உண்மையைச் சொல்லும் துணிவைத் தந்தது. சொன்ன உண்மையின் விளைவுகளிலிருந்து தப்பிக்கொள்ளும் வாசலையும் அதுவே தந்தது. இவ்விரண்டையும் ஒருசேரக் காணாத விமர்சனம் நூலுக்கு நியாயம் செய்யாது. குற்ற உணர்வுள்ள ஒருவர் அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டு அழகிய தோட்டநூல் ஒன்றைத் தந்திருக்கலாம். வாங்குவோர் குறைந்திருக்க மாட்டார்கள். அவ்வாறு நீக்காமையே இந்நூலை அக்காலத்து ஏனைய தோட்ட நூல்களிலிருந்து பிரித்து நிறுத்துகின்றது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. தோட்டத்தை இரசித்தல் என்பதே வர்க்கச் சலுகை என்று கூறி ஒதுக்கிவிடுவது முற்போக்கு நோக்காகத் தோன்றலாம். ஆனால் லயத்துக் காம்பராவின் முன்னுள்ள கையகலத் திண்ணையில் தகரப்பேணியில் ரோசாத் தடி நட்டு வளர்ப்பவளும், வளவிலே கூட்டமாய்த் தத்தித் திரியும் புலுனிகளுக்குச் சிரட்டையில் தண்ணீர் வைக்கும் கிழவியும் அந்த வாதத்தால் காணாமற் போய்விடுகின்றனர். இரசனை அவர்களுக்கும் உண்டு, நேரம்தான் இல்லை. எலிசபெத்துக்கு நேரம் இருந்தது. மண்வெட்டியைத் தொடும் உரிமை இருக்கவில்லை. பொமெரேனிய வயலில் பிள்ளை பெற்றவளுக்கு மண்வெட்டி மட்டுமே இருந்தது. இரசனைக்குரிய ஓய்வும், ஆக்கத்துக்குரிய உழைப்பும் இரு வேறு பெண்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமைக் களவுக் கொத்தல் ஒன்றே இரண்டும் ஒரே கையில் கூடிய தருணம். அதற்காகவேனும் இந்நூல் படிக்கப்பட வேண்டும்.

தந்தையின் பழைய வீட்டுத் தோட்டத்துக்கு எலிசபெத் செல்லும் பகுதியை இங்கு விரித்துரைக்க இடமில்லை. உறவினர் கைக்குப் போய்விட்ட அந்த வீட்டின் மதிற் கதவு வழியே, பனிமூட்டத்துள் களவாக நுழைந்து தன் பிள்ளைப்பருவப் பாத்திகளை அவள் தேடுகின்றாள். தன் பெயரையே கொண்ட ஒரு சிறுமியை எதிர்ப்படுகின்றாள். நூல் முழுவதிலும் சிரிப்பு முற்றாக அகன்றுவிட்ட பக்கங்கள் இவையே. நிலம் யாருடையது என்ற வினா, தொழிலாளர் பகுதியில் மற்றவர் பிரச்சினையாக வந்தது. இங்கே அவளுடைய சொந்தத் துயரமாக வருகின்றது. வசிக்கும் பண்ணை கணவனுடையது, பிறந்த தோட்டம் உறவினருடையது எனின், தலைப்பில் ‘அவளது’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கலாம்.

1905இல் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசிரியராகச் சென்றவர் ஓர் இளைஞர். பின்னர் ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ என்ற நாவலால் நம்மவரும் அறிந்த ஈ. எம். போஸ்ரர் அவர். நூலிற் படித்த தோட்டத்தைத் தேடிய அவருக்கு அது கண்ணிற் பெரிதாகப் படவில்லை என்பதைப் பல ஆண்டுகளின் பின் அவரே நினைவுகூர்ந்திருக்கின்றார். இதனைக் கொண்டு எலிசபெத் பொய்யுரைத்தாள் என்று கூறுவது பேதைமை. பத்து இறாத்தல் விதையும் முளைக்காத பாத்தியில் எழுத்து முளைத்தது என்பதே இதன் விளக்கம். இரண்டாம் உலகப் போரின் பின் 1945இல் அப்பகுதி போலந்துக்கு உரியதாயிற்று. நாசன்ஹைட இன்று ரெண்ட்ஜினி என்ற போலந்துக் கிராமம்.

1899இல் வெளிவந்த ‘தனிமைக் கோடை’ என்ற தொடர்நூலில் எலிசபெத் தன் தோட்டத்தை விட்டு வெளியே சென்று கிராமத்துக் குடிசைகளுக்குள் நுழையும் பக்கங்கள் உள. முதல் நூலைப்போல அது பேசப்படவில்லை. ஆங்கிலம் பயிலும் மாணவர் எவரேனும் இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராயின், ஏளனத்துக்கும் இரக்கத்துக்கும் இடையே இவ்வாசிரியை எவ்வளவு தூரம் நடந்தார் என்பது தெரியவரும்.